இருவகை ஒலிப்பெட்டிகள்

இசையும் செய்தியும் இல்லந்தோறும் புகுந்து உலவும் இக்காலத்து, அவற்றை நம் செவிக்கு நல்கும் ஸ்பீக்கர் பெட்டியைப்பற்றிச் சிந்திப்பார் சிலரே. யாமும் நெடுநாள் சிந்தியாதிருந்தோம். இடரொன்று வந்து எமக்கு அறிவு புகட்டிற்று. அதனை மாணவ நண்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைப்போம்.

ஸ்பீக்கர் பெட்டி, 'பாசிவ்' என்றும் 'ஆக்டிவ்' என்றும் இருவகைப்படும். முன்னதனுள் ஒலி எழுப்பும் கூம்புகளும், தாழ்ந்த ஒலியைப் பெரிய கூம்பிற்கும் உயர்ந்த ஒலியைச் சிறியதற்கும் பிரித்தனுப்பும் கம்பிச் சுருளும் கெபாசிட்டருமே உள. ஆற்றலூட்டும் ஆம்ப்ளிபையர் புறத்தே தனித்திருக்கும். பின்னதிலோ ஒலிக்குறி வலுப்பெறு முன்னரே பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூம்பிற்கும் தனித்தனி ஆம்ப்ளிபையர் பெட்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். கூம்பின் இயல்பறிந்து பொருத்தப்படுதலின் ஒலி தெளிவுறும். ஆயினும் கடைகளில் ஆக்டிவ் எனப் பெயர் பெறுவனவற்றுட் பல, ஓர் ஆம்ப்ளிபையரை அகத்தே கொண்டனவேயன்றி, பகுக்கும் முறையில் பழையனவே. இதுவும் புதுமையன்று. 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் இக்காலக் கூம்பு ஸ்பீக்கருக்கு அடிகோலினர். அவ்வழியில் 1926-இல் வெளிவந்த 'ரேடியோலா 104' ஆம்ப்ளிபையரைத் தன்னுள்ளே கொண்டிருந்தது.

நிற்க. எம் தந்தையார் கடலூர் முதுநகரில் வாழ்ந்தார். அவரிடம் பாசிவ் பெட்டிகள் இரண்டு இருந்தன, தச்சரைக்கொண்டு செய்வித்தவை. யாம் பணிநிமித்தம் சிதம்பரத்திற் குடியிருந்து, ஆக்டிவ் பெட்டிகளிரண்டு வாங்கினோம். அவற்றின் இனிமையிற் செருக்குற்று, "அப்பா, அந்தப் பழம் பெட்டிகளை விறகுக்குப் போட்டுவிடுங்கள்" என்று பலகால் நகையாடினோம். அவர் மறுமொழி கூறிலர்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிற்று. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு வீழ்ந்தன. எம் இல்லத்தும் மின்சாரம் அற்றது. இன்வெர்ட்டரும் மறுநாள் ஓய்ந்தது. வீட்டு மின்சாரமொன்றையே உண்ணும் எம் அரும்பெட்டிகள் ஊமையாயின. தந்தையார் நிலை அறியக்கூடாமல் துடித்தோம்.

மூன்றாம் நாள், முறிந்த மரங்களைக் கடந்து முதுநகர் சேர்ந்தோம். தெருவிற் கால்வைத்தபொழுதே வானொலிச் செய்தி முழங்கக் கேட்டோம். தந்தையார் பழம்பெட்டிகளைத் திண்ணையில் நிறுத்தி, காரிற் பயன்படும் 12 வோல்ட் ஆம்ப்ளிபையரொன்றை லாரி பேட்டரியோடு இணைத்து, கைவானொலியை அதனொடு சேர்த்திருந்தார். தெருவார் பலர் சூழ்ந்து நின்று, எவ்வெப் பகுதிக்கு உதவி வருகின்றதெனக் கேட்டுக்கொண்டிருந்தனர். எம்மைக் கண்ட தந்தையார் முறுவலித்து, "தம்பி, இதற்கு எவன் சோறு போட்டாலும் பாடும்" என்றார். யாம் நாணித் தலைகவிழ்ந்தோம்.

இதுகொண்டு பாசிவ் பெட்டியே மேலென முடிவு செய்தல் பொருந்தாது. சில ஆண்டுகள் கழிந்தபின் தந்தையார்க்குக் கைந்நடுக்கம் கண்டது. ஒருநாள் கம்பிகளைப் பூட்டுங்கால் இரண்டும் ஒன்றோடொன்று உராய, ஆம்ப்ளிபையர் புகைந்து அவிந்தது. அன்று அவரே, "உன் பெட்டியைக் கொண்டுவா, ஒரு திருகு போதுமே" என்றார். கொண்டு சென்றோம். தேய்ந்த அவர் செவிக்குப் பேச்சொலி அதில் தெளிவாக விளங்கிற்று. "விறகுக்குப் போடுவோமா?" என்று அவர் தம் பழம்பெட்டிகளைச் சுட்டி வினவியபொழுது, எமக்கு நகை வரவில்லை.

அவர் மறைந்தபின் அப்பெட்டிகள் சிதம்பரத்து எம் இல்லத்தில் இருக்கின்றன. வாங்க விழையும் நண்பர்களுக்கு யாம் சொல்வது இது: சிறு அறையும் எளிய பயன்பாடும் வேண்டுவார் ஆக்டிவ் கொள்க. பழுதுற்ற உறுப்பைமட்டும் மாற்றி, ஆண்டுகள் பல பேண வல்லார் பாசிவ் கொள்க. எதனைக் கொள்ளினும், பிறர் பெட்டியை இகழாதிருத்தல் நன்று. அதனை யாம் கற்றது கடைத்தெருவிலன்று, முதுநகர்த் திண்ணையில்.