கணினியின் கட்டளையும் மோர்ஸ் சாவியும்

மலைநாட்டிற் செய்தியின் கதி பெரும்பாலும் பாதையின் கதியையே ஒத்தது. புகையிரதம் பதுளையை வந்தடைந்தது 1924ஆம் ஆண்டில். ஆயினும் பிரதான வீதியிலிருந்து பிரிந்து தோட்டத்து லயங்களை நோக்கி ஏறும் ஒற்றைப்பாதை, ஓர் இரவு மழையில் அடைபட்டுவிடக் கூடியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடிய பின்னரே அமெச்சூர் வானொலியின்பால் என் நாட்டம் சென்றது. மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் ஒருங்கே செயலிழக்குமாயின் எஞ்சுவது யாது என்பதே அன்று என் வினாவாயிற்று.

விடை புதியதன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய கடற்கோளின் பின், அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைப்பதற்கு நம் நாட்டு அமெச்சூர் வானொலியாளர் சிற்றலையைப் பயன்படுத்தினர். ஊவாவிலோ மலைகள் நேர்க்கோட்டு அலைகளை மறிக்கின்றன. எனவே 7 மெகா ஹேர்ட்ஸ் அளவிலான மீடிறனில் அலையை மேல்நோக்கிச் செலுத்தி, அயனமண்டலத்திற் பட்டு மலைகளுக்கு அப்பால் இறங்கச் செய்தல் வேண்டும். பேச்சொலி இரைச்சலில் அமிழ்ந்துவிடும் வேளையிலும், ஒரு வாகன மின்கலத்தின் வலுவைக் கொண்டே மோர்ஸ் குறிகள் கேட்கத்தக்கனவாக இருக்கும். 2003இல் மோர்ஸ் தேர்ச்சி உலகளாவிய கட்டாயமாக இருந்த நிலை நீக்கப்பட்டபோதும், அதன் பயன் நீங்கவில்லை.

மோர்ஸ் பயிலாதோரும் அதனை அனுப்பலாம் என்னும் நம்பிக்கையைத் தருவது கணினி. வானொலிக் கருவியைக் கம்பியால் கணினியுடன் இணைத்து, எழுத்துக்களைக் கட்டளையாக அனுப்பினால், கருவியே அவற்றைக் குறிகளாக்கி ஒலிபரப்பும். கேட்பதற்கு இனிய ஏற்பாடே. எனினும் அதன் மட்டுப்பாடுகளை அறிதல் இன்றியமையாதது.

முதலாவது, அளவு. கென்வூட் கருவிகளின் கட்டளை ஒரு தடவைக்கு 24 எழுத்துக்களையும், ஐகொம் கருவிகளின் கட்டளை 30 எழுத்துக்களையும் ஏற்கும். நீண்ட செய்தியைத் துண்டுதுண்டாகவே ஊட்டவேண்டும். வேறு சில கருவிகளோ நினைவகத்தில் முன்னரே பதித்த செய்தியை மட்டுமே அனுப்பும். இரண்டாவது, அறியாமை. சேமிப்பில் இடமுண்டா இல்லையா என்பதைக் கருவி கூறும். எந்த எழுத்து இப்பொழுது வானிற் செல்கின்றது என்பதைக் கூறாது. மூன்றாவது, உரையாடலின்மை. நிமிடத்துக்கு 20 சொற்கள் என்னும் வேகத்தில் 24 எழுத்துக்கள் வெளியேறச் சுமார் 14 வினாடிகள் ஆகும். அக்காலம் முழுவதும் அனுப்புநரின் கை கட்டப்பட்டதற்கு ஒப்பாகும்.

இதனை ஒரு பயிற்சியின்போது தெளிவாக உணர்ந்தேன். பண்டாரவளையிலிருந்த நண்பருக்கு, கற்பனையான ஒரு லயத்தில் அகப்பட்டோரின் தொகையைக் கணினி மூலம் அனுப்பிக்கொண்டிருந்தேன். தொகை விளங்காத நண்பர் இடைமறித்துக் குறி எழுப்பினார். குறிகளுக்கிடையே அது எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் எழுத்துக்கள் ஏற்கெனவே கருவியின் வசமாகிவிட்டன. அது தன் பாட்டில் எஞ்சியவற்றைப் பொழிந்து முடித்தது. பயிற்சியில் அது நகைப்புக்குரியது. உண்மையான மண்சரிவிலோ, 17 பேரா 70 பேரா என்பது எத்தனை மண்வெட்டிகளும் நோயாளர் வண்டிகளும் புறப்படும் என்பதைத் தீர்மானிக்கும்.

கருவியின் கட்டளையை விடுத்து, கணினியே சாவியைத் திறந்து மூடுவது போன்று கம்பியொன்றை இயக்கும் முறையும் உண்டு. அங்கு தடை வேறுவகையானது. கோடு புள்ளியின் மும்மடங்கு. எழுத்துக்களின் இடைவெளி மூன்று புள்ளி. சொற்களின் இடைவெளி ஏழு புள்ளி. மேற்கூறிய வேகத்தில் ஒரு புள்ளிக்கு 60 மில்லி வினாடிகள் மட்டுமே உண்டு. பல பணிகளை ஒருங்கே செய்யும் கணினி சற்றே தாமதித்தாலும் தாளம் பிசகும். தாளம் பிசகினால் எழுத்தே மாறும்.

விங்கீயர் போன்ற இடைச்சாதனங்கள் இக்குறைகளைப் பெரிதும் நீக்குகின்றன. தாளத்தைத் தாமே பேணி, அனுப்பிய ஒவ்வோர் எழுத்தையும் கணினிக்குத் திருப்பி அறிவிக்கின்றன. கைச்சாவியைத் தொட்ட மாத்திரத்தே சேமிப்பிலுள்ளதைக் கைவிட்டுக் கைக்கு வழிவிடுகின்றன. இந்த இறுதிப் பண்பே என்னை மிகவும் கவர்ந்தது. இயந்திரம் மனிதனுக்கு இடங்கொடுக்க வேண்டிய தருணத்தை, அதனை ஆக்கியோர் உணர்ந்திருக்கின்றனர்.

ஆயினும் தொட்ட சாவியைத் தட்டத் தெரிந்த கை வேண்டுமன்றோ? கணினி வேண்டாமென்பது என் கருத்தன்று. அன்றாடத் தொடர்புக்கு அது நல்ல துணை. ஆனால் அனுப்புதல் செய்தியின் ஒரு பாதியே. நிறுத்துதலும், செவிமடுத்தலும், திருத்தி மீண்டும் உரைத்தலும் மறுபாதி. ஆகவே நமது மாணவர் ஒரு மலைத்தோட்டத்துக்கு வானொலிக் கருவியொன்றை வழங்க எண்ணுவராயின், மென்பொருளோடு ஒரு சாவியையும் வழங்குக; அதனைத் தட்டப் பழக்கும் சில மாதப் பொழுதையும் உடன் வழங்குக.