பட்டியலின் அடியில்

எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் நாளிதழில் வந்த காலம். டீக்கடை பெஞ்சில் விரித்த தாளில் அண்ணனின் எண்ணை அப்பா விரலால் தேடினார். முந்தைய எண் இருந்தது, அடுத்த எண்ணும் இருந்தது. நடுவில் அண்ணன் இல்லை. விரல் மட்டும் அங்கேயே நின்றது. தேறாதவர்களை அந்தத் தாள் அச்சிடாது. அன்றிலிருந்து எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அதில் தேறாதவர்களைத் தேடுவேன்.

கார் பந்தயக்காரர்கள் இதில் பெருந்தன்மையானவர்கள். 1958 மே 18 மொனாக்கோ கிராண்ட் பிரீயின் பட்டியலில் ஓடிய 16 பேருக்கும் கீழே, தகுதிச் சுற்றில் தேறாதவர்களின் பெயர்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பெர்னி எக்லஸ்டோன்.

பிற்பாடு ஃபார்முலா ஒன் முழுவதையும் கைக்குள் வைத்திருந்த அதே பெர்னிதான். மீன்பிடிக் கப்பல்காரரின் மகன். மோட்டார் சைக்கிள் விற்றுக் காசு பார்த்தவர். சின்ன 500 சிசி கார்களில் பந்தயம் ஓடி, பிராண்ட்ஸ் ஹாட்சில் விபத்துக்குப் பின் ஒதுங்கியவர். கனாட் பந்தய அணி மூடப்பட்டபோது அதன் கார்களை வாங்கி, மொனாக்கோவில் முதலாளியே ஸ்டியரிங்கைப் பிடித்தார். விளையாட்டுக்கு உட்கார்ந்ததுதான் என்பார்கள். இருக்கட்டும், அந்த ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபர் 19, காசாபிளாங்கா பந்தயம். ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸ் ஓட்டிய வான்வால் காரின் இஞ்சின் ஓட்டத்திலேயே இறுகிப்போய், கார் தடம் விலகித் தீப்பிடித்தது. பெர்னி அவருக்கு மேனேஜர், அதைவிட நண்பர். தீக்காயங்களோடு இங்கிலாந்துக்கு விமானத்தில் கொண்டுவந்தார்கள். 6 நாள் கழித்து இறந்தார். வயது 28. பெர்னி பந்தயத்தை விட்டே விலகினார். பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது அவர் பார்த்துக்கொண்ட ஓட்டுநர் யோகன் ரிண்ட். 1970 செப்டம்பர் 5 அன்று மொன்சாவில் ரிண்ட்டும் போனார். இறந்த பின் உலக சாம்பியனானவர் அவர் ஒருவர்தான்.

அதற்கப்புறம்தான் பிரபாம் அணி, டிவி உரிமைகள், கோடிகள். 2007-இல் ஃபிளாவியோ பிரியாடோரேயோடு சேர்ந்து லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கிளப்பையும் வாங்கினார். அதன் லாஃப்டஸ் ரோடு சிறிய மைதானம். முன்வரிசையில் இருப்பவர் கை நீட்டினால் ஆட்டக்காரரைத் தொட்டுவிடலாம் போலிருக்கும். டிக்கெட் விலை ஏறியபோது அந்த வரிசைகள் கொதித்தன. 2011-இல் அணி பிரீமியர் லீகுக்கு ஏறியது. அந்த ஆகஸ்டிலேயே கிளப் டோனி ஃபெர்னாண்டஸ் கைக்குப் போனது. அப்பன், பாட்டன் காலத்திலிருந்து அந்த வரிசைகளில் உட்கார்பவர்களுடையது அந்தக் கிளப். அதை வாங்கியவர்களுக்கு இது கடைசிவரை புரியவில்லை என்றே நினைக்கிறேன்.

2023-இல் வெளிநாட்டுச் சொத்தை மறைத்த வழக்கில் பெர்னி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதை விட்டுவிட்டு இவரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் 1978-ஐயும் விட முடியாது. நரம்பியல் அறுவை நிபுணர் சிட் வாட்கின்ஸைப் பந்தய மருத்துவராக அழைத்துவந்தவர் பெர்னிதான். அந்த செப்டம்பரில் மொன்சாவில் ரோனி பீட்டர்சன் அடிபட்டபோது, வாட்கின்ஸையே கிட்டே விடாமல் போலீஸ் தடுத்தது. ஆம்புலன்ஸும் தாமதம். மறுநாள் பீட்டர்சன் இறந்தார். மயக்க மருந்து நிபுணர், ஹெலிகாப்டர், மருத்துவர் ஏறிப்போக ஒரு கார் எல்லாம் வேண்டும் என்றார் வாட்கின்ஸ். அடுத்த பந்தயத்துக்கே பெர்னி ஏற்பாடு செய்தார்.

2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியன் கிராண்ட் பிரீ. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டுகிறார் என்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். விளக்குகள் அணைந்தன. மொத்தக் கூட்டமும் முதல் வளைவுக்குள் பாய்ந்தது. எல்லோரும் முன்னால் யார் என்று பார்த்தார்கள். நான் வரிசையின் வாலைப் பார்த்தேன். கடைசிக் காருக்கும் பின்னால், மருத்துவரை ஏற்றிக்கொண்டு அந்தக் கார் முதல் சுற்று முழுக்கத் துரத்திப் போனது.