மாற்றிய மூட்டும் மாறாத வலியும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்பது, தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் அடிப்பகுதியிலும் கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியிலும் உலோக உறைகளைப் பொருத்தி, இரண்டுக்கும் இடையே பாலிஎத்திலீன் என்னும் வழுவழுப்பான பிளாஸ்டிக் தகட்டை வைக்கும் முறையாகும். வீட்டோடு முடங்கிக் கிடந்த பல்லாயிரம் முதியவர்களை மீண்டும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் நடந்துபோக வைத்த சிகிச்சை இது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் 2012-இல் தொகுத்துப் பார்த்தபோது, இச்சிகிச்சை செய்துகொண்டவர்களில் 10 முதல் 34 விழுக்காட்டினர் வரை, மாதங்களும் ஆண்டுகளும் கடந்த பின்னரும் பொருட்படுத்தத்தக்க வலியோடு வாழ்கிறார்கள் என்று தெரியவந்தது. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நேரும் இந்த நிலை, காவிரிப் படுகையின் நெல் வயல்களை நம்பி வாழும் குடும்பங்களில் எப்படி உணரப்படுகிறது, அதை எப்படி எதிர்கொள்ளலாம் என்பது தனியே ஆராயத் தக்கது.

இன்று உலகெங்கும் பொருத்தப்படும் செயற்கை மூட்டுகளின் முன்மாதிரி, 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணவத், பீட்டர் வாக்கர் ஆகியோர் சேர்ந்து உருவாக்கியதாகும். இவர்களுள் இந்தியரான ரணவத், 2000-ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் வாஜ்பாயின் இடது முழங்காலுக்கும் 2001-இல் வலது முழங்காலுக்கும் மும்பையில் அறுவை சிகிச்சை செய்தபோதுதான், மூட்டையே மாற்ற முடியும் என்ற செய்தி இந்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் பரவியது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம், பரவலாகப் பயன்படும் கோபால்ட்–குரோமியம் மூட்டின் விலைக்கு 54,720 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே அரசு மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை கிடைக்கிறது. இதனால், செல்வர்களுக்கு மட்டுமே எட்டிய சிகிச்சை இன்று கூலி வேலை செய்த பெண்களுக்கும் எட்டியிருக்கிறது.

இந்தப் பெண்களின் முழங்கால்கள் எந்த வேலையில் தேய்ந்தன என்பதை அறிந்தால்தான், சிகிச்சைக்குப் பின்வரும் வலியின் தன்மையும் புரியும். மேட்டூர் அணை திறந்து, குறுவைக்கும் பிறகு சம்பாவுக்கும் தாளடிக்கும் வயல் சேறாகும் நாள்களில், நடவு செய்யும் பெண் இடக்கையில் நாற்றுக் கட்டைப் பிடித்து, வலக்கை விரல்களால் இரண்டு மூன்று நாற்றுகளைப் பிரித்துச் சேற்றில் ஊன்றியபடி பின்னோக்கி நகர்கிறாள். முதுகு வளைந்தும் முழங்கால் அரைகுறையாக மடிந்தும் நிற்க, புதைந்த பாதத்தை ஒவ்வோர் அடிக்கும் திருகி உருவி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் திருகலின் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. நடவு இயந்திரங்கள் வந்துவிட்ட பிறகும், இன்று அறுபதைக் கடந்த பெண்களின் மூட்டுகள் கைநடவுக் காலத்தில் உழைத்தவை. வயலைவிட்டு வீடு திரும்பினாலும் தரைதான் வாழ்விடம். அரிவாள்மனை, கோலம், பந்திப் பாய், குந்தி உட்காரும் கழிப்பறை என எல்லாமே முழங்காலை முழுவதும் மடக்கச் சொல்பவை. 

செயற்கை மூட்டு இந்த வாழ்க்கை முறையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதன்று. சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 பாகை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 100 பாகைக்கு அருகில் வேண்டும். குந்தி உட்காரவோ 130 பாகைக்கும் மேல் வேண்டும். வெற்றிகரமாக மாற்றப்பட்ட மூட்டும் பெரும்பாலும் 110, 120 பாகையோடு நின்றுவிடுவதால், தரையில் உட்கார முயலும்போது எழும் இறுக்கத்தையும் வலியையும் சிகிச்சையின் தோல்வி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எவ்வளவு மடங்கும், எவ்வளவு மடங்காது என்பதை அறுவைக்கு முன்பே எளிய தமிழில் சொல்லியிருந்தால் இந்த மனவேதனையில் பாதி குறைந்திருக்கும்.

மறுபாதி வேதனைக்குக் காரணம் குற்ற உணர்வு. பிள்ளைகள் கடன் வாங்கியோ, காப்பீட்டு அட்டையோடு பலமுறை அலைந்தோ சிகிச்சை செய்வித்த பிறகு, “இன்னும் வலிக்கிறது” என்று சொல்வது நன்றிகெட்ட செயலாகிவிடும் என்று அந்தத் தாய் அஞ்சுகிறாள். “அடுத்த தெரு அக்கா மூன்றே மாதத்தில் நடந்துவிட்டாளே” என்ற ஒப்பீடு அவளை மேலும் வாயடைக்கச் செய்கிறது. மறுபரிசோதனைக்குப் போகும்போதும் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டால், அதற்குமேல் பேச அவளுக்கு வாய் வருவதில்லை. இந்த மௌனத்தைப் பொறுமை என்று வீட்டார் பாராட்டுவது பெருந்தவறு. சொல்லப்படாத வலிக்கு மருத்துவமும் கிடைப்பதில்லை, ஆறுதலும் கிடைப்பதில்லை.

எந்த வலி இயல்பானது என்ற தெளிவு முதலில் வேண்டும். அறுவைக்குப் பின் வீக்கமும் மூட்டின் மேல் இளஞ்சூடும் பல மாதங்கள் நீடிக்கக்கூடும். தழும்பின் வெளிப்புறத்தில் தோல் மரத்துப்போவதும், அங்கே செல்லும் சிறு நரம்புக் கிளை வெட்டுப்படுவதால் பலருக்கும் நேர்வதே. முன்னேற்றம் ஓராண்டு வரைகூட மெல்ல மெல்லத் தொடரும். ஆனால் மூன்று மாதத்துக்கு மேலும் வலி நீடித்தால், அதை அறுவைக்குப் பிந்தைய நாள்பட்ட வலி என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு தனியே பெயரிட்டு ஏற்கிறது. அந்தக் கட்டத்தில் காரணம் தேடுவது மருத்துவரின் கடமை, கேட்பது நோயாளியின் உரிமை.

காரணம் தேடுவதில் நோயாளியின் சொற்களே முதல் கருவி. உட்கார்ந்து எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது மட்டும் குத்துகிறது என்றால், எலும்போடு உலோகத்தின் பிடிப்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். படி இறங்கும்போது கால் நழுவுவதுபோல் தோன்றினால், மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களின் சமநிலையையோ முழங்கால் சிப்பியின் ஓட்டத்தையோ ஆராய வேண்டும். எரிச்சல், சுரீரென்ற தெறிப்பு, புடவை உரசினாலே கூசும் வலி ஆகியவை நரம்பைச் சுட்டும். இடுப்பு மூட்டிலோ முதுகுத் தண்டிலோ தொடங்கும் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவதும் உண்டு. ஆகவே “வலிக்கிறது” என்ற ஒற்றைச் சொல்லோடு நில்லாமல், குடைச்சலா, குத்தலா, எரிச்சலா, எப்போது, எதனால் கூடுகிறது என்று நோயாளியைச் சொல்லவிடுவதும் பொறுமையாகக் கேட்பதும் பரிசோதனையின் ஒரு பகுதியே.

இவற்றுள் ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாதது தொற்று. ஓய்விலும் இரவிலும் விடாத வலி, புதிதாகத் தோன்றும் சிவப்பு, தழும்பில் கசிவு, காய்ச்சல் ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே அறுவை செய்த மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரத்தத்தில் கலந்த கிருமிகள் ஆண்டுகள் கழித்தும் செயற்கை மூட்டில் குடியேறக்கூடும் என்பதால், காவிரி டெல்டாக்காரர்கள் சாதாரணமாக எண்ணும் சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும் இங்கே புதிய பொருள் பெறுகின்றன. விரலிடுக்கில் வெடித்த தோல் கிருமிகளுக்குத் திறந்த வாசல், நீரிழிவு இருப்பவர்களுக்கு அது இன்னும் அகலமானது. மாற்றிய மூட்டோடு சேற்றில் இறங்காதிருப்பதும், பாதங்களை நாள்தோறும் கழுவித் துடைத்துப் பார்ப்பதும் முழங்காலைக் காக்கும் செயல்களே.

எல்லாச் சோதனைகளும் சரியாக இருந்தும் வலி மட்டும் எஞ்சும் நிலையும் உண்டு. பல ஆண்டுகள் தேய்மான வலியைச் சுமந்த உடலில், முதுகுத் தண்டும் மூளையும் வலிச் செய்தியைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுகின்றன. மூட்டு புதிதானாலும் அந்தப் பழக்கம் உடனே மாறுவதில்லை. இதை மருத்துவர்கள் நரம்பு மண்டல மிகையுணர்வு என்பர். தூக்கமின்மையும் மனச்சோர்வும் இதைக் கூட்டும். இது கற்பனை வலியன்று. நரம்புகளில் உண்மையாகவே நிகழும் மாற்றம். எனவே மருந்துக் கடையில் வலி மாத்திரையைக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இதற்குத் தீர்வாகாததோடு, சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும்; நரம்பு வலிக்கென உள்ள மருந்துகள் வேறு, அவற்றை மருத்துவரே அளவறிந்து தர வேண்டும்.

மருந்துக்கு அப்பால், வலியோடு வாழ்வதற்கான வழிகள் எளியவை, ஆனால் தொடர்ச்சியைக் கோருபவை. தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சியை வலி குறைந்த நாளில் அளவுக்கு மீறிச் செய்து, மறுநாள் படுத்துக்கிடப்பதைவிட, எல்லா நாளும் சிறிது சிறிதாகச் செய்வதே பலன் தரும். வீடும் தரையிலிருந்து நாற்காலியின் உயரத்துக்கு எழ வேண்டும்: காய்கறி நறுக்க மேசை, உட்காரும் கழிப்பறை அல்லது கமோடு நாற்காலி, கைப்பிடியுள்ள உயரமான இருக்கை, படுக்கக் கட்டில். கோயிலிலும் கல்யாணப் பந்தியிலும் நாற்காலி கேட்பதற்கு யாரும் கூச வேண்டியதில்லை. கேட்கும் முன்பே போட்டுக் கொடுப்பது உறவினரின் கடமை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருவதால், பேருந்து ஏறித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாத சிற்றூர்ப் பெண்கள் அத்திட்டத்தின் பணியாளர்களிடம் கேட்டுப் பயன்பெறலாம்.

இத்தகைய கவனிப்பால் பயன் உண்டு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. பிரிட்டனின் எட்டு மருத்துவமனைகளில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை முடிந்து மூன்று மாதமாகியும் வலி நீடித்தவர்களை அமரவைத்து விரிவாகப் பரிசோதித்து, காரணத்துக்கேற்ற சிகிச்சைக்கு அனுப்பி, பிறகு தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தபோது, ஓராண்டின் முடிவில் அவர்களுடைய வலி, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. குறைவு பெரிதன்று, ஆயினும் அதற்குத் தேவைப்பட்டவை நேரமும் அக்கறையும் முறையான விசாரிப்புமே. இங்கும் ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், நடக்கும்போது எப்படி, படுக்கும்போது எப்படி, தூக்கம் வருகிறதா என்று கேட்பது விதியாக வேண்டும். வீட்டில் மகனும் மருமகளும் மகளும் அதே கேள்விகளைக் கேட்டு, கிடைக்கும் பதிலைக் குறையாகக் கருதாமல் ஏற்க வேண்டும். ஊருக்கே சோறு போட்ட உழைப்பில் தேய்ந்த முழங்கால்கள் இவை. வலி எஞ்சியிருக்கிறது என்று அந்தப் பெண்கள் தயங்காமல் சொல்லவும், சொன்னால் உரிய கவனிப்பைப் பெறவும் முடியும்போதுதான் அந்தச் சிகிச்சை முழுமை பெறும்.