சக்கரத்துக்குச் சிக்கனம் பார்த்த கதை

 

ஆடித் திருவிழா வேலை ஆரம்பிச்சிருச்சு. எப்பவும் இந்த நேரத்துல உபயம், அன்னதானம், பால்குடம் பத்தித்தான் போடுவோம். இந்தத் தடவை ஒரு மோட்டார் சக்கரத்தைப் பத்திக் கொஞ்சம் நீளமா எழுதுறோம். கோயில் பக்கத்துல இது எதுக்குன்னு நினைக்காதீங்க. கடைசியில கோயிலுக்குத்தான் வந்து நிக்கும். பொறுமையா படிங்க.

வெள்ளிக்கிழமை விடியக்காலையில அம்மனுக்கு மாலை வாங்கிட்டு வர்ற நம்ம பெரியண்ணனை உங்க எல்லாருக்கும் தெரியும். தாமான் யூனிவர்சிட்டியிலேர்ந்து நாலரைக்குக் கிளம்பி, ஜேபி டவுனுக்குப் போயி, மாலையோட ஸ்கூடாய்க்குத் திரும்புவார். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500. கோயில் சந்து திரும்பும்போதே டப் டப்னு சத்தம் கேக்கும். குருக்கள் உள்ளேயிருந்தே "பூ வந்துருச்சு"ன்னு சொல்லிருவார்.

அந்த வண்டி மேல அண்ணனுக்கு ஒரு தனிப் பாசம். 1955-ல இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியோட மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு சேர்ந்து, பிறகு திருவொற்றியூர்ல ஃபேக்டரி போட்டுச் செஞ்ச வண்டி வம்சம் அது. இங்கிலாந்துல 1970 வாக்குல மூடிட்டாங்க. சென்னையில இன்னைக்கும் ஓடுது. "நம்ம ஊர்ல செஞ்சு கப்பல்ல வந்தது, நம்ம தாத்தா மாதிரி"ன்னு சொல்லிச் சிரிப்பார். இந்த 500 மாடலையும் 2020-ல நிறுத்திட்டாங்க. அதனால அண்ணன் அதை இன்னும் பத்திரமா துடைச்சு வைப்பார்.

மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை, அஞ்சு மணி இருக்கும், மழை விட்டு ரோடு ஈரம். ஸ்கூடாய் ஹைவேயில வரும்போது பின் டயர் திடீர்னு காத்து இறங்கிருச்சு. வண்டி பாம்பு மாதிரி நெளிஞ்சு அண்ணனைக் கீழ தள்ளிருச்சு. பின்னாடி வந்த லோரிக்காரர் சரியான நேரத்துல பிரேக் அடிச்சதால உசுரு தப்புச்சு. மணிக்கட்டு எலும்பு முறிவு. மல்லிகையும் சம்பங்கியும் ரோடெல்லாம் சிதறிக் கெடந்துச்சு. அன்னைக்கு அம்மனுக்கு வேப்பிலை மாலைதான். குருக்கள் கண்ணு கலங்கித்தான் தீபாராதனை காட்டினார்.

தொண்டர்கள் ஆறு பேரு சேர்ந்து வண்டியைத் தூக்கிட்டு வந்து சக்கரத்தைக் கழட்டினோம். காரணம் அங்கேயே தெரிஞ்சது. ஒரு ஸ்போக் கம்பி துரு புடிச்சு உடைஞ்சிருக்கு. அந்தக் கம்பி முனை, ரிம்முக்கு உள்பக்கம் சுத்தியிருக்கிற ரப்பர் பட்டையைக் குத்தி, டியூப்பைக் கிழிச்சிருக்கு. பட்டை நைஞ்சு போயி எத்தனை வருஷமோ. ரிம்மும் விழுந்த இடத்துல நசுங்கிருச்சு. முன் ரிம்முக்குள்ளயும் துரு. நம்ம ஜொகூர் மழைக்கு வெளிய பளபளன்னு துடைச்சா போதாது, உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்.

ரெண்டு சக்கரமும் மாத்துறதுன்னு முடிவாச்சு. அண்ணன் கோயில்ல ஒரு சல்லி வாங்காம இத்தனை வருஷம் ஓடினவர். அதனால செலவு எங்களோடதுன்னு தலைக்கு 200 ரிங்கிட் போட்டோம். ஆக 1,200.

அடுத்து வந்தது பெரிய விவாதம். ஸ்போக் கம்பிச் சக்கரமா, அலாய் சக்கரமா?

எங்கள்ல சின்னத் தம்பி அலாய் கட்சி. அவன் சொன்னதுல நியாயம் இருக்கு. கம்பிச் சக்கரத்துல கம்பி மாட்டுற ஒவ்வொரு ஓட்டையிலயும் காத்து போகும், அதனால உள்ள டியூப் வேணும். டியூப் கிழிஞ்சா காத்து ஒரே மூச்சுல போயிரும். அலாய் ஒரே வார்ப்பு, ஓட்டை கிடையாது, டியூப்லெஸ் டயர் போடலாம். ஆணி ஏறினாலும் பெரும்பாலும் மெதுவாத்தான் இறங்கும், ஓரமா நிறுத்த நேரம் கிடைக்கும். பங்சரும் சக்கரத்தைக் கழட்டாமலே அடைக்கலாம்.

இன்னொரு தொண்டர் கம்பிக் கட்சி. அவர் சொன்னதும் நியாயம். கம்பிச் சக்கரம் குழியில விழுந்தா கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், கம்பியை முறுக்கி நேராக்கலாம், ஒரு கம்பி போனா ஒரு கம்பி மாத்தலாம். வார்ப்பு அலாய் பலமா அடி வாங்கினா விரிசல் விடும், அப்புறம் முழுச் சக்கரமும் போச்சு. அதோட, பழைய பாணி வண்டிக்கு அலாய் போட்டா வேட்டிக்கு மேல பெல்ட் கட்டுன மாதிரி இருக்கும்னார்.

சண்டை தீராம அண்ணன்கிட்டயே போனோம். கையில கட்டோட உக்காந்திருந்தார். அண்ணி டீ கொடுத்தாங்க. ரெண்டு பக்கமும் கேட்டுட்டு அண்ணன் சொன்னார்:

"திருவாரூர் ஆழித்தேரு தெரியுமில்ல? 96 அடி உயரம், அலங்காரத்தோட ஏறக்குறைய 300 டன். அதுக்கே திருச்சி பெல் கம்பெனிக்காரங்க இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு போட்டாங்க. அதுக்காக யாராச்சும் அது ஆழித்தேரு இல்லன்னு சொன்னாங்களா? இழுக்கிற சனம் பத்திரமா இருக்கணும், அதான் முக்கியம். எனக்கு எதையாச்சும் போடுங்கப்பா, பேத்தி பின்னாடி உக்காரும்."

பேத்திக்கு ஏழு வயசு. ஞாயித்துக்கிழமை தேவார வகுப்புக்கு அந்த வண்டியிலதான் வரும்.

சரி, அலாய்னு முடிவு பண்ணோம். இங்கதான் நாங்க தப்பு பண்ணோம்.

எங்கள்ல ஒருத்தர் ஃபேக்டரி சூப்பர்வைசர். இதை எழுதுறது அவர்தான்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிப்பு, ஆனா மெஷின் சாமான் பத்தி நம்மளுக்குத் தெரியாததான்னு ஒரு நினைப்பு. இணையத்துல ஒரு ஜோடி அலாய் 900 ரிங்கிட்டுக்கு வந்துச்சு. பேர் பெத்த சாமானுக்குப் பாதி விலைகூட இல்ல. செஞ்ச கம்பெனி முத்திரை கிடையாது, எவ்வளவு எடை தாங்கும்னு எழுத்து கிடையாது. படத்துல அழகா இருந்துச்சு. "மிச்சக் காசுல டயரும் வந்துரும்"னு அந்த சூப்பர்வைசர்தான் எல்லாரையும் தலையாட்ட வெச்சார்.

சக்கரம் வந்துச்சு. ஒர்க்‌ஷாப்புல பேரிங் மாட்டும்போது மெக்கானிக் தம்பி கையாலயே தள்ளினான். பேரிங் தானா உள்ள போயிருச்சு.

மோட்டார் தெரியாதவங்களுக்காகச் சொல்றோம். பேரிங் அப்படிப் போகக் கூடாது. அதோட துளை கொஞ்சம் இறுக்கமா இருக்கணும், அழுத்தித்தான் இறக்கணும். தளர்வா இருந்தா ஓடும்போது பேரிங் முழுசும் துளைக்குள்ள சுத்தும், துளை தேயும், சக்கரம் ஆட ஆரம்பிக்கும். முதல் நாள் ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் ஹைவேயில தெரியும்.

தம்பி சொன்னான்: "அண்ணே, பஞ்ச்ல நாலு புள்ளி குத்தி, பசை ஊத்தி அடிச்சிரலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"சரி"ன்னு சொல்ல வாயைத் திறந்தாச்சு. உண்மையைத்தான் எழுதுறோம். 900 ரிங்கிட் போயிருச்சே, நம்ம சொல்லை நம்பித்தானே வாங்கினாங்க, இப்ப எந்த முகத்தோட சொல்றதுன்னுதான் மனசு ஓடுச்சு. அதே வாரம் ஃபேக்டரியில ஒரு பெட்டி சாமானை, துளை மயிரிழை கூடன்னு கேஜ் போட்டுப் பாத்து, சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினவர்தான் அந்த ஆளு. யாருன்னே தெரியாத வாடிக்கையாளருக்கு அவ்வளவு பாத்தோம். பேத்தியை ஏத்திட்டு வர்ற அண்ணனுக்குப் பசை ஊத்தப் போனோம்.

"வேணாம், கழட்டு தம்பி"ன்னு சொல்லிட்டு, அன்னைக்கு ராத்திரியே மத்த அஞ்சு பேரையும் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னோம். வித்தவங்க திருப்பி எடுக்க மாட்டோம்னு பதில் போட்டுட்டாங்க. நட்டத்தை சூப்பர்வைசரே கட்டுறேன்னார். யாரும் விடல. "தலையாட்டினது ஆறு தலை"ன்னு சொல்லி ஆளுக்கு 150 ஏத்துக்கிட்டாங்க. யாரும் எடுத்து மாட்டிடக் கூடாதுன்னு அந்தச் சக்கரத்தைக் கிரைண்டர்ல வெட்டித்தான் பழைய சாமான் கடையில போட்டோம்.

அப்புறம் நிதானமா யோசிச்சோம். அண்ணன் வண்டிக்குப் பின் பிரேக் டிரம், முன்னாடி டிஸ்க். முன் சக்கரம் 19 இஞ்ச், பின் சக்கரம் 18. நிறுத்தின மாடலுக்கு, இந்த டிரம்மும் இந்த அளவும் சரியா பொருந்துற நல்ல அலாய் வரவழைக்க நாளும் ஆகும், காசும் அதிகம். ஆனா நடுவுல இருக்கிற பழைய ஹப் ரெண்டும் நல்லா இருக்கு. பேரிங் துளை இறுக்கமா இருக்கு, பிரேக் டிரம் தேயல. அப்ப ஹப்பை வெச்சுக்கிட்டு, அதே அளவுல புது ரிம், துருப்பிடிக்காத எவர்சில்வர் கம்பி, புது டியூப், புது பட்டை, புது டயர். அளவு மாறாததால வண்டியோட நடையும் மாறாது. அளவையோ அமைப்பையோ மாத்துறவங்க முதல்ல ஜேபிஜேயிலயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுக்கிறது நல்லது.

தம்போய் பக்கம் ஒரு சீனத் தவுக்கே இருக்கார், எழுபது தாண்டினவர். கம்பி கோக்கிறதுதான் அவர் தொழில். ஒவ்வொரு கம்பியா கோத்து, சக்கரத்தைத் தாங்கியில மாட்டிச் சுத்தவிட்டு, ஒரு ஊசி முனையைப் பக்கத்துல வெச்சுப் பாப்பார். எங்க ஊசியை உரசுதோ அங்க இந்தப் பக்கக் கம்பியைக் கால் திருப்பு தளர்த்தி, அந்தப் பக்கத்தைக் கால் திருப்பு இறுக்குவார். நடுநடுவே கம்பியைத் தட்டிச் சத்தம் கேப்பார். இறுக்கம் ஒரே மாதிரி இருந்தா சத்தமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். ஒரு சக்கரத்துக்கே ரெண்டு மணி நேரம். நாங்க ஃபேக்டரியிலேர்ந்து டயல் கேஜ் கொண்டு போயிருந்தோம். வெச்சுப் பாத்தா ஆட்டம் அரை மில்லிகூட இல்ல. தவுக்கே சிரிச்சுட்டு, 300 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி கொண்டு வாங்க, புதுக் கம்பி கொஞ்சம் தளரும்னார். கொண்டு போனோம், ரெண்டு மூணு கம்பியை இறுக்கிக் கொடுத்தார்.

கை கட்டுப் பிரிச்ச பிறகு வண்டியை அண்ணன்கிட்ட ஒப்படைச்சோம். அலாய் கதையையும் மறைக்காம சொன்னோம். டியூப்தான் போட்டிருக்கு, அதனால வாரா வாரம் காத்தும் கம்பியும் பாக்கணும்னும் சொன்னோம். அண்ணன் சக்கரத்தைச் சுத்திப் பாத்தார். கம்பியை விரலால தட்டிப் பாத்தார். நல்லா இருக்குன்னும் சொல்லல, நன்றின்னும் சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்:

"நம்ம அம்மன் ரதத்துச் சக்கரத்தை யாரு கடைசியா கழட்டிப் பாத்தது?"

ஆறு பேர்ல ஒருத்தருக்கும் பதில் இல்ல.

வருஷா வருஷம் ரதத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், லைட்டு போடுறோம், பூ அலங்காரத்துக்குப் போட்டி போட்டு உபயம் எடுக்கிறோம். கீழ குனிஞ்சு பாத்தது யாரும் இல்ல. போன ஞாயிறு ஜாக் வெச்சுத் தூக்கிப் பாத்தோம். நாலு டயர்ல ஒண்ணு பக்கவாட்டுல வெடிப்பு விட்டிருக்கு. ரெண்டு சக்கரத்துல கிரீஸ் காஞ்சு கட்டியாப் போச்சு. ஒரு நட்டோட மரை தேஞ்சு கையாலயே சுத்துது. அந்த ரதத்தோட வடத்தைத்தான் நம்ம பிள்ளைங்க முன்னால நின்னு இழுக்குதுங்க. பக்கத்துல கைக்குழந்தையோட தாய்மாருங்க நடக்கிறாங்க.

இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகாம அம்மன் காப்பாத்திட்டா. அதுக்காக நட்டை முறுக்குற வேலையையும் அவ தலையில போடறது சரியில்ல.

நட்டை மாத்தியாச்சு. புது டயர் நிர்வாகத்துல சொல்லி ஆர்டர் போட்டாச்சு, இந்தத் தடவை முத்திரையும் எடை அளவும் பாத்துத்தான். வர்ற ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரதத்தை முழுசா இறக்கிப் பாக்குற கோத்தோங் ரோயோங். அச்சு, பிரேக், முட்டுக்கட்டை, வடக்கயிறு எல்லாம். காசு வேணாம், ஆளு வேணும். வெல்டிங், லோரி ஒர்க்‌ஷாப், மெஷின் வேலை தெரிஞ்சவங்க அவசியம் வாங்க. பசியாற இட்லி, சாம்பார் கோயில்ல.

அண்ணன் போன வெள்ளிக்கிழமையிலேர்ந்து மறுபடி பூ எடுத்துட்டு வர ஆரம்பிச்சிட்டார். அஞ்சரைக்கு டப் டப்னு சத்தம் கேட்டுச்சு. குருக்கள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

நீங்களும் வீட்டுல நிக்கிற மோட்டாரை இன்னைக்கு ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. குறிப்பா, விடியக்காலையில சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் தாண்டி ஓட்டிட்டுப் போற பிள்ளைங்க வண்டியை.

அம்மன் எல்லாருக்கும் துணை நிக்கட்டும். ஓம் சக்தி.