மீன் இல்லை என்று சொன்னவன்

பழவேற்காட்டு ஏரியில் கொடுவாவே இல்லை, தொழிற்சாலைகள் தின்று தீர்த்துவிட்டன என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். டீக்கடையில் சொன்னேன், கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் சொன்னேன், கம்பெனி கேன்டீனில் சொன்னேன். ஒருமுறை மைக் பிடித்தும் சொன்னேன். அது பொய். ஏரியில் கொடுவா இருந்தது. அது கிடந்த ஆழத்தில் தூண்டில் போட எனக்குத் தெரியவில்லை. தெரியாததில் குற்றமில்லை. கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லாததை மறைக்க, வேறு யாருடைய துயரத்தையோ இரவல் வாங்கிக்கொண்டேன். அதுதான் குற்றம்.

எனக்குக் கவரைப்பேட்டை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை. விடுமுறை நாளில் ராடும் ரீலும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கை பழகியதெல்லாம் சுற்றுவட்டார ஏரிகளில், விராலிடம். அந்த ஏரிகள் பாசனத்துக்கானவை. மதகை ஒட்டிய பள்ளத்தை விட்டால் பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். விரால் செவுளை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத மீன். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். வந்தால் நீரில் வட்டம் விழும். வட்டத்துக்கு இரண்டடி தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு மெல்ல இழுத்தால், அல்லி இலையைப் பிய்த்துக்கொண்டு பாயும். இருக்கும் இடத்தை மீனே சொல்லிவிடுகிறது, இதில் என் சாமர்த்தியம் பாதிகூட இல்லை. ஆனாலும் தெருவில் எனக்கு ‘விரால்’ என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. நானும் அதைச் சந்தோஷமாகச் சுமந்தேன்.

அந்தத் திமிரோடுதான் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகத் தொடங்கினேன். ஆரணி ஆறு வந்து கலக்கும் உப்பங்கழி அது. சிலிகா ஏரிக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை நம்மிடம். பார்த்தால் கடல்போல விரிந்து கிடக்கும். சராசரி ஆழமோ ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆகவே இங்கே ஆழம் என்றால் கிணற்றாழத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். சேற்றுத் தரைக்கு நடுவே நீரோட்டம் அரித்து வைத்திருக்கும் ஓடைகளும், முகத்துவாரத்தை நெருங்க நெருங்க இறங்கும் பள்ளமும்தான் ஆழம். கொடுவாவின் இருப்பிடம் அது.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் பாஸ் மீன் பிடிப்பதை மணிக்கணக்கில் பார்த்து ஊறியவன் நான். கொடுவாவும் ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ்தான், ஆஸ்திரேலியாக்காரர்களின் பாரமுண்டி. ஆகவே பாடம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாடத்தையாவது ஒழுங்காகப் படித்தேனா என்றால் அதுவும் இல்லை. வட கரோலினாவைச் சேர்ந்த பக் பெர்ரி என்பவர் 1940களிலேயே ஸ்பூன்பிளக் என்ற தகட்டு இரையைச் செய்து, பாஸ் மீனின் குடியிருப்பு ஆழத்தில்தான், கரையோரத்துக்கு அது எப்போதாவதுதான் வரும், தரையின் மேடுபள்ளத்தைப் படிக்காதவனுக்கு மீன் கிடையாது என்று கற்பித்தவர். தரையைப் படிப்பது பற்றிய வீடியோக்களை நான் தள்ளிவிட்டுவிடுவேன். அவற்றில் முக்கால்வாசி நேரம் ஒன்றுமே நடக்காது. மீன் துள்ளும் வீடியோக்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

ஆழத்தில் போடுவது இப்படி. ஜிக் என்ற கனமான இரையை எறிந்தபின் ரீலைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். நூல் தானாக உருவிக்கொண்டு போகும். ஜிக் தரை தட்டியதும் நூல் தொய்யும். அந்தத் தொய்வை விரலில் உணர்ந்து, உதறித் தூக்கி, மறுபடி விழவிட வேண்டும். விழும்போதுதான் மீன் கடிக்கும். அப்போது கையில் வெட்டெல்லாம் தெரியாது, நூல் பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். சொல்வதற்கு எளிது. எனக்கோ ஜிக் நீரில் மறைந்த கணமே வயிற்றைக் கலக்கும். கீழே சிப்பித் திட்டு இருக்குமோ, நூலை அறுத்துவிடுமோ, இருநூற்றைம்பது ரூபாய் ஜிக் போய்விடுமோ. பாதி இறங்குவதற்குள் கை சுற்ற ஆரம்பித்துவிடும். இரை நடுநீரில் யாருக்கும் உதவாமல் வந்துபோகும். தினமும் வார்ப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை அல்ட்ராசோனிக் கருவியின் திரைக்கோட்டை வைத்தே கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சேற்றுநீருக்குள் மட்டும் என்னால் எதையும் நம்ப முடியவில்லை.

பிறகு கரையோரத்துக்கே திரும்பிவிடுவேன். பாலத்தடியில் முழங்கால் நீரில் நின்று, மடவை துள்ளும் இடமாகப் பார்த்து வீசுவேன். கீச்சான் கடிக்கும். கொடுவா வராது. மாலையில் வெறும் பையோடு பொன்னேரிக்கு வரும்போது காரணம் தயாராக இருக்கும்.

காரணத்துக்கு எங்கள் பக்கத்தில் என்ன பஞ்சம்? தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆறு, வரிசையாகத் துறைமுகங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குள் ஓர் ஓரத்தில் நிம்மதி பிறந்தது. எண்ணெய் படர்ந்தது எண்ணூரில். நான் தூண்டில் போடுவது வடக்கே பழவேற்காட்டில். அந்த வித்தியாசத்தைக் கேன்டீனில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கே மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த படங்கள் வந்தன. அந்தப் படங்களை என் வெறும் பைக்குச் சாட்சியாகக் காட்டியிருக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

யாராவது, “பொன்னேரி மார்க்கெட்ல கொடுவா வருதே” என்று மடக்கினால் அதற்கும் பதில் உண்டு. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் முட்டுக்காட்டில் 1997இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்தது. அதன்பின் குளங்களிலும் கூண்டுகளிலும் வளர்க்கிறார்கள். “அதெல்லாம் வளர்ப்பு மீன் சார், ஏரி மீனா?” என்பேன். பாதி உண்மை வாயில் இருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

மைக் பிடித்தது இந்தப் பேச்சின் உச்சம். உப்பங்கழியைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சிறு கூட்டம். உள்ளூர்க்காரன், தூண்டில்காரன் என்று என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “வருஷக்கணக்கா இந்த ஏரியில தூண்டில் போடறேன். ஒரு கொடுவாகூட இல்ல. முடிஞ்சுபோச்சு” என்றேன். கை தட்டினார்கள். ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் வந்து தோளைத் தொட்டார். அறுபது வயதிருக்கும், அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரர்.

“எங்க தம்பி போட்ட?”

“பாலத்தாண்ட, அண்ணே.”

“அங்க மடவைதான் மேயும். கொடுவா ஓடையில கெடக்குது. போன வாரம்கூட வலையில ரெண்டு ஏறுச்சு.”

நான் தண்ணீர் கெட்டுப்போனதைப் பற்றி எதையோ ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

“கெட்டுப்போச்சு, எனக்குத் தெரியாதா? கொறஞ்சுபோச்சுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். இல்லவே இல்லன்னு சொல்லாத. மீனே இல்லாத ஏரி ஒங்களுக்கு எதுக்குன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். அவனுக்கு நீ எடுத்துக் குடுக்கற மாதிரி இருக்குது.”

பழவேற்காட்டு மக்கள் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள். முகத்துவாரத்தை மணல் மூடும்போதெல்லாம் தூர்வாரச் சொல்லி அலைந்தவர்கள். இறால் வலை கட்டும் இடங்களை ஊருக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாட்டைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி வருகிறவர்கள். அவர்களுடைய வாதம் முழுக்க ஒரே அடித்தளத்தில் நிற்கிறது: இந்த ஏரி இன்னும் உயிரோடு இருக்கிறது, எங்களுக்குச் சோறு போடுகிறது. பொழுதுபோக்குக்குப் போய்வருகிற நான் அதைத்தான் மைக்கில் மறுத்திருக்கிறேன், அவர்கள் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு. இல்லை, அப்படிச் சொல்வதும் முழு நேர்மை அல்ல. நான் பேசியது என் பக்கம்.

கொஞ்ச நாள் கழித்து அவருடைய ஃபைபர் படகில், கூலி பேசித்தான், போனேன். மழைக்காலம் முடிந்த நேரம். ஆறு கொண்டுவந்த நல்ல தண்ணீர் மேலேயும், கனத்த உப்புத் தண்ணீர் ஓடையின் அடியிலும் கிடக்கும் என்றார். கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அதுவரை இடுப்பளவில் நின்ற கழி சட்டென்று கைப்பிடி வரை உள்ளே போனது. “இதான் ஓடை வாய்.” கழியின் நுனியில் ஒட்டியிருந்த சேற்றைக் கிள்ளி விரலிடையில் நசுக்கிக் காட்டினார். அதில் சிப்பித் தூள் நறநறத்தது. தண்ணீர் வடிய ஆரம்பித்தால் இறாலும் மடவைக் குஞ்சும் இந்த வழியாகத்தான் இறங்கும், கொடுவா சரிவில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்துக்கு எதிர்முகமாகக் கிடக்கும். அமெரிக்கர்கள் எக்கோ சவுண்டர் வைத்துப் பார்ப்பதை அவர் கழியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜிக்கை எறிந்தேன். வழக்கம்போல விரல் கைப்பிடிக்குப் போனது. “இரு” என்றார். நூல் போய்க்கொண்டே இருந்தது. “இரு.” இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியபோது மறுபடி “இரு.” நூல் தொய்ந்தது. “இப்ப தூக்கு.” தூக்கி விட்டேன், தூக்கி விட்டேன். பலமுறை சிப்பியில் மாட்டியது. இரண்டு ஜிக் போயிற்று. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வெயில் ஏறி, அவரே பீடியை அணைத்துவிட்டுத் திரும்பலாம் என்று எழுந்த நேரத்தில் நூல் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தது. இழுத்தேன்.

ஒன்றரைக் கிலோ இருக்கும். தலை சப்பையாகக் குழிந்து, முதுகு கூன் விழுந்து, வெயில் பட்ட கண்ணில் சிவப்பு மின்னியது. செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும் என்று அவர் சொல்வதற்குள் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன். இந்த அளவில் பெரும்பாலும் ஆண் மீனாகத்தான் இருக்கும். கொடுவா ஆணாகத்தான் முதலில் பருவமடைகிறது. இன்னும் சில ஆண்டு வளர்ந்து பெருத்தபின்தான் பெண்ணாக மாறுகிறது. முட்டை பொரிய உப்பு நீர் வேண்டும், அதற்கு முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். நான் மைக்கில் பேசியிருக்க வேண்டிய சங்கதி இது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாது என்பது மாணவர்களுக்கும் தெரியாது.

இதோடு திருந்திவிட்டேன் என்று முடித்தால் இன்னொரு பொய்யாகிவிடும். அன்று மாலை மீனோடு எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டேன். படத்தின் ஓரத்தில் கழி பிடித்த அவருடைய கை தெரிந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். கீழே ‘ஆழத்தில் கொடுவா’ என்று எழுதி, எடை இரண்டு கிலோ என்றேன். கம்பெனியில் ஒருவர், “கொடுவாவே இல்லன்னியே” என்று கேட்டார். “அபூர்வமா ஒண்ணு” என்றேன். மீன் கிடைத்த அன்றும் பழைய பொய்யைக் காப்பாற்றிவிட்டேன்.

அதன்பின் தனியாகப் போன நாட்களில் எப்போதாவது ஜிக் தரை தட்டுகிறது. பெரும்பாலும் “இரு” என்று சொல்ல ஆள் இல்லாததால் கை முந்திக்கொள்கிறது. ஒருநாள் அவசரத்தில் யாருடைய பாட்டுக்குள்ளோ எறிந்து வலைக் கயிற்றில் மாட்டி, வசவு வாங்கி வந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மீனவர்கள் விரட்டுகிறார்கள் என்று புதுக் கதை கட்டிவிடுவேனோ என்ற பயத்தில்.

நோட்டில் எழுதிக்கொண்ட அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யார் கண்ணிலாவது இது பட்டால், நான் சொன்ன வரியை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்: பழவேற்காட்டில் கொடுவா இருக்கிறது. முன்னைவிடக் குறைவு என்று ஏரியில் பிழைப்பவர்கள் சொல்கிறார்கள், எவ்வளவு குறைவு, எதனால் என்று அவர்களையே கேளுங்கள். பேசியவருக்குக் கிடைக்காமல் போனது, அவர் பாலத்தடியில் முழங்கால் நீரில் நின்றதால்.