நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே

நட்சத்திரங்களைப் படம் எடுக்கத் தேரிக்குப் போகிறோம் என்றதும் தோழர்கள் கேட்ட முதல் கேள்வி, "வேற வேலை ஒண்ணும் இல்லையா?" என்பதுதான். வழக்கு, மனு, ஆர்ப்பாட்டம் என்று ஓடுகிறவர்களுக்கு இது வசதியானவர்களின் பொழுதுபோக்காகத் தெரியும். அதை அப்படித்தான் விற்கவும் செய்கிறார்கள். லடாக்கின் குளிர்ப் பாலைவனத்தில் ஹான்லே பகுதியை 2022-இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். சுமார் 4,500 மீட்டர் உயரம். போய்வரும் செலவை நம் மாணவர்கள் நினைத்துப் பார்க்க முடியாது.

ஆனால் ரோஹித் வெமுலாவை நினைத்துப் பாருங்கள். 2016 ஜனவரி 17 அன்று நாம் இழந்த அந்த ஆய்வு மாணவர், கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்டவர். அவர் படத்தைப் போஸ்டரில் போடுகிறோம். அந்த ஆசையைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்?

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாலை இருக்கிறது. நாகர்கோவிலில் பஸ் ஏறித் திசையன்விளையைத் தாண்டிப் போனால் மண் சிவக்கத் தொடங்கும். உடன்குடிக்கு அப்பால் குதிரைமொழித் தேரி. காற்று கொண்டுவந்து குவித்த மணல், இரும்பு ஆக்சைடு ஏறிச் சிவந்தது. இந்த வட்டாரத் தேரிகளில் கிடைத்த கற்காலச் சிறு கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்ச்சினும் 1956-இல் எழுதினார்கள். சாதி என்ற சொல்லே இல்லாத காலத்தில் இங்கே மனிதர்கள் மல்லாந்து படுத்து வானம் பார்த்திருக்கிறார்கள்!

மார்ச் கடைசி, அமாவாசையை ஒட்டிய இரவு. கல்லூரித் தங்கை ஒருத்தி, தம்பி ஒருவன், நான். தோழர் ஒருவரின் உறவினருடைய முந்திரி விளையில் இடம் தந்தார்கள். கேமரா பழையது, கைமாறி வந்தது. ட்ரைபாடில் பூட்டி, 24 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 விநாடி. 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று தோராயமாகக் கிடைக்கும். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுவதால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபடும். ப்ரோ மோடு உள்ள போனையும் அசையாமல் கல்லில் சாய்த்து வைத்து எடுக்கலாம். தம்பி அப்படித்தான் எடுத்தான்.

நள்ளிரவில் தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நின்றது. அடிவானத்திலிருந்து இருபது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. டெல்லியில் இது அடிவானத்தை விட்டு எழும்புவதே அபூர்வம். மூன்று மணிக்கு மேல் தென்கிழக்கில் விருச்சிகம் முழுதாக ஏறியது. நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை, வால் நுனியில் மூலம். தங்கை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுடைய நட்சத்திரம் மூலம். பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லி ஒரு சம்பந்தம் தட்டிப்போனது அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புள்ளியை விரலால் தொட்டு, "இதாக்கும் எங்க மாமனாரக் கொல்லப் போவுது?" என்றாள். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த வாலுக்குப் பக்கத்தில்தான் பால்வெளியின் மையம் இருக்கிறது என்று காட்டினேன்.

பிறகு அந்த நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 1932-இல் 'தி இந்து' ஒரு செய்தி வெளியிட்டது. திருநெல்வேலி மாவட்டத்தில், பார்த்தாலே தீட்டு என்று பகலில் வெளியே வர விடப்படாத மக்கள் இருக்கிறார்கள் என்று. புதிரை வண்ணார். மற்ற ஒடுக்கப்பட்ட சாதிகளின் துணியை, அதாவது நம் வீட்டுத் துணியையும், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே வெளுத்தவர்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த தேரி அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம்தான். நாங்கள் படம் எடுத்ததும் அதே நேரத்தில்தான்.

"அப்ப அவிய இதே வானத்தத்தான பாத்திருப்பாவ அண்ணே?" என்றான் தம்பி.

எனக்கு அப்படிச் சொல்லிவிட மனம் வரவில்லை. குனிந்து துணியை அடிப்பவருக்கு வானம் எங்கே தெரியும்? நிமிர்ந்தாலும் விடிவெள்ளி வந்துவிட்டதா, ஆள் நடமாட்டம் தொடங்குமுன் வீட்டுக்குள் ஒடுங்க நேரம் இருக்கிறதா என்றுதான் பார்த்திருப்பார்கள். இருட்டு நமக்கு ஒரு ராத்திரி இன்பம். அவர்களுக்கு அது தண்டனை. அந்தத் தண்டனையில் நம் தெருக்களுக்கும் பங்கு உண்டு. 2009-இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கென்று நலவாரியம் அமைத்தது. சாதிச் சான்றிதழுக்காக அவர்கள் அலைவது இன்னும் நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் காலனிக்கு நான் பத்தாவது படிக்கும்போதுதான் தெருவிளக்கு வந்தது. அதுவரை ஊர்த்தெருவோடு கம்பம் நின்றுவிடும். அப்போது எங்கள் முற்றத்திலேயே பால்வெளி தெரிந்தது. வானம் தெரியட்டும், விளக்கு வேண்டாம் என்று எங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்போம். வெளிச்ச மாசு பற்றி இன்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். விளக்கை மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினால் தெருவும் தெரியும், வானமும் தெரியும். கேட்க வேண்டியது அதைத்தான்.

ஐந்து மணிக்குக் கிழக்கு வெளுத்தது. 140 படங்களில் உருப்படியாக ஒன்பது தேறின.

ஆனியில் தேரியில் காற்று கிளம்பிவிடும், மணல் லென்ஸைத் தின்றுவிடும். அதற்கு முன் வருகிற அமாவாசைக்கு மறுபடி போகிறோம். வருகிறவர்கள் ஒரு போர்வையும் தண்ணீரும் கொண்டு வாருங்கள். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருக்க வேண்டும். பெண் தோழர்களின் வீட்டில் நான் வந்து பேசுகிறேன்.