இன்னும் கொஞ்சம் கீழே!

சினிமாவில் ஹெலிகாப்டர் வந்தால் உங்களுக்கு வில்லன் ஞாபகம் வரும். பி.காம். படித்த எனக்கு, ‘மணிக்கு என்ன வாடகை?’ என்றுதான் தோன்றும். சிரிக்காதீர்கள், விஷயமே அந்த மீட்டரில்தான் இருக்கிறது.

பறக்கும்போது இன்ஜின் நின்றுபோனால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கிடையாது. கீழிருந்து பாயும் காற்றே மேல் காத்தாடியைச் சுற்ற வைக்கும். விமானி பதமாக இறக்கிவிடலாம். பெயர், ஆட்டோரொட்டேஷன். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். ராபின்சன் ஆர்-22 மாதிரி குட்டி ஹெலிகாப்டர்களில் கொஞ்சம் தாமதித்தாலும் காத்தாடியின் வேகம் செத்துவிடும். அதனால் அமெரிக்காவில் 1995-ல் அவற்றுக்கென்றே தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள்.

ஆனால், இந்த வித்தை பலிக்க உயரமாவது வேண்டும், வேகமாவது வேண்டும். கேமரா கேட்பதோ, ‘இன்னும் கீழே, இன்னும் மெதுவா!’ அதாவது, இரண்டு சேமிப்பையும் காலி செய்துவிட்டு ஓவர்டிராஃப்ட்டில் பறக்கச் சொல்கிறது.

1982, ஜூலை 23. கலிஃபோர்னியாவில் ‘ட்விலைட் ஸோன்’ படப்பிடிப்பு. ராத்திரி 2 மணிக்கு மேல். நடிகர் விக் மாரோ இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார். தலைக்கு மேல் சுமார் 24 அடியில் ஹெலிகாப்டர். காட்சிக்காக வைத்த வெடிகளில் வால் காத்தாடி சிதைய, அவர்கள் மேலேயே விழுந்தது. மூவரும் செத்துப்போனார்கள். உள்ளே இருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள்.

விமானி வியட்நாம் போரில் பறந்தவர். அனுபவத்துக்குக் குறைச்சலில்லை. அப்புறம் என்ன? விமானிக்கும் டைரக்டருக்கும் நேரடிப் பேச்சுத் தொடர்பே ஏற்பாடு செய்யவில்லை என்றது விசாரணை அறிக்கை. 1987-ல் டைரக்டர் ஜான் லாண்டிஸ் உட்பட ஐந்து பேரும் விடுதலை.

பாடம் கற்றார்களா? 2013 பிப்ரவரி. அதே கலிஃபோர்னியா, ஒரு டி.வி. நிகழ்ச்சி, கும்மிருட்டு. உள்ளே இருப்பவர் முகம் கேமராவில் தெரிய வேண்டுமென்று காக்பிட்டில் ஒரு லைட். முகம் தெரிந்தது. விமானிக்கு வெளியே தரை தெரியவில்லை. மூன்று பேர் பலி.

இப்போது பல ஷாட்களை ட்ரோன் எடுத்துவிடுகிறது. நல்லது. விழுந்தாலும் உள்ளே ஆளில்லை. ஆனால், கீழே ஆள் உண்டே!

ஆகவே, பயிற்சியில் இன்னொரு பாடம் வேண்டும். மீட்டர் ஓட, யூனிட்டே காத்திருக்க, ‘முடியாது சார்’ என்று சொல்லும் பாடம். அதைக் கேட்டுக்கொள்ளும் பாடம் டைரக்டர்களுக்கு.

அடுத்த முறை தியேட்டரில் ஹெலிகாப்டர் ஷாட்டுக்குக் கை தட்டும்போது, யாரோ ஒரு விமானி மறுத்ததால் எடுக்காமல் விட்ட ஷாட்டுக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.